கை வீக்கமும் ‘லிம்ப் மசாஜ்’ பேக்கேஜும்

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 47 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் கட்டி வந்தது, பரிசோதித்ததில் புற்றுநோய். மார்பையும் அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள். பிறகு கீமோ, அதற்குப் பிறகு கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப் போய்வருகிறார். போன தீபாவளித் தையல் நெருக்கடியில், தன்னுடைய ஜாக்கெட்டின் இடது கை மட்டும் இறுக்கிப் பிடிப்பதைக் கவனித்திருக்கிறார். உள்தையலைப் பிரித்து விட்டுக்கொண்டார். பொங்கலுக்குள் அதுவும் பத்தவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து பார்த்தால், முழங்கைக்கு மேலே நான்கு அங்குலத்தில் வலது கை 12, இடது கை பதின்மூன்றரை. ஆரம்பத்தில் தூங்கி எழுந்தால் வடிந்துவிடுமாம். இப்போது இரண்டு மாதமாகக் காலையிலும் அப்படியே இருக்கிறது. கை கனக்கிறது, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, வலி பெரிதாக இல்லை.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா, “யானைக்கால் மாதிரி யானைக்கை, ஒட்டிக்கொள்ளும்” என்று சொல்லித் தன் பேரனை இவர் வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். மருந்துக்கடையில் ‘நீர் மாத்திரை’ கொடுத்தார்கள். பத்து நாள் சாப்பிட்டும் கை குறையவில்லை, தலைதான் சுற்றியது. இவராகவே உப்பை நிறுத்தி, தண்ணீரையும் குறைத்துவிட்டார். குடம் தூக்குவதை எப்போதோ விட்டாயிற்று. இதற்கிடையில் மதுரையில் உள்ள ஒரு மசாஜ் நிலையம் வாட்ஸ்அப்பில் பிடித்துக்கொண்டது. லிம்ப் டிரெய்னேஜ் மசாஜ், அதாவது நிணநீரை வடியவைக்கும் மசாஜ், பத்து சிட்டிங், 18,000 ரூபாய். சூடான மூலிகைத் தைலம் போட்டு அழுத்தி உருவி, உடம்பில் தேங்கிய நச்சையெல்லாம் வெளியேற்றுவார்களாம். கேன்சர் திரும்பவும் வராதாம். 3,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் அனுப்பிவிட்டார். பில் தரவில்லை. அவருடைய மதினியோ, “மசாஜ் பண்ணினால் உள்ளே இருப்பது உடம்பெல்லாம் பரவிவிடும், போகாதே” என்று அழுகிறார்.

போகலாமா, கூடாதா? பரவுமா? இது யானைக்காலா? தையலை விட்டுவிட வேண்டுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நிலையத்துக்குப் போகாதீர்கள். நிணநீர் மசாஜே கூடாது என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முறையாகச் செய்தால் உங்களுக்கு அது உதவக்கூடியதுதான். ஆனால் சூட்டுத் தைலமும் அழுத்தி உருவுவதும் அந்தச் சிகிச்சையில் கிடையவே கிடையாது.

முதலில் போக வேண்டிய இடம்

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி வேறொன்று. “செக்கப்புக்குப் போனபோது கூட்டமாக இருந்தது, டாக்டர் அவசரத்தில் இருந்தார், கை வீக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அக்குள் நெறிகளை எடுத்துக் கரண்டும் வைத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்குவதை லிம்பெடிமா என்கிறோம், அதாவது நிணநீர் வீக்கம். நீங்கள் விவரித்த அடையாளங்களும் அதையே காட்டுகின்றன. அக்குளைச் சுத்தமாக வழித்தெடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. அறுவை முடிந்த உடனேதான் வரும் என்றில்லை, சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். ஆகவே உங்கள் வீக்கம் இதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் புதிதாக வந்த வீக்கத்தை அப்படியே முடிவு கட்டிவிடக் கூடாது. அக்குளிலோ காறை எலும்புக்கு மேலேயோ நோய் மறுபடியும் தலைதூக்கி வழியை அடைத்தாலும் கை வீங்கும். கையின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தாலும் வீங்கும். டாக்டர் கையால் தடவிப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு ஸ்கேன், ரத்தக்குழாய்க்கு ஒரு டாப்ளர் ஸ்கேன் என்று எடுத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த இரண்டும் இல்லை என்று தெரியாமல் யாரும் உங்கள் கையில் மசாஜ் செய்யக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

எங்கே சிகிச்சை எடுத்தீர்களோ அங்கேயே, அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல், இந்த வாரமே போங்கள். பழைய கோப்பு அங்கேதான் இருக்கும். அது முடியாது என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, பாலரெங்கபுரத்தில் அரசின் புற்றுநோய் மையம் இருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: வீக்கம் என்று தொடங்கியது, இரண்டு கையின் அளவு, காலையில் வடிகிறதா, காய்ச்சல் வந்ததா. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் சீட்டை நீட்டினால் டாக்டர் படித்துவிடுவார்.

இரண்டு விஷயத்தில் இந்த வாரம் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது. கை திடீரென்று ஒரே நாளில் வீங்கி, வலித்து, நீலம் பாரித்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. கை சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே. பின்னது தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று. ஆன்டிபயாடிக் தாமதமானால் ரத்தத்திலும் கலக்கும். ஒவ்வொரு முறை அது வந்து போகும்போதும் மிச்சமிருக்கிற நிணநீர் நாளங்களையும் கெடுத்துவிட்டுப் போகும்.

வீக்கம் ஏன் வருகிறது, நீர் மாத்திரை ஏன் கேட்கவில்லை

நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நீரும் கொஞ்சம் புரதமும் எப்போதும் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போய் ரத்தத்தில் சேர்ப்பதற்கென்று உடம்பெங்கும் மெல்லிய நாளங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஓடுவதுதான் நிணநீர். வழியில் அங்கங்கே கணுக்கள் உண்டு. உடம்பு முழுக்க எண்ணினால் 500-க்கும் மேல் தேறும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் ‘நெறி கட்டியிருக்கு’ என்போமே, அந்த நெறிதான் இது. கிருமிகளை மடக்கிப் பிடிப்பது இதன் வேலை. இடது கையிலிருந்து வரும் நிணநீர் பெரும்பாலும் அக்குள் கணுக்கள் வழியாக மேலேறி, கழுத்துக்குக் கீழே காறை எலும்பின் பின்னால் ஒரு பெரிய ரத்தக்குழாயில் போய்ச் சேரும். ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படியொரு பம்பு கிடையாது. நாளங்களின் சுவர் தானாகச் சுருங்குவது, தசைகள் அசைந்து கொடுக்கும் அழுத்தம், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் இழுப்பு, பின்னால் ஓடாமல் தடுக்கும் சின்னச் சின்ன வால்வுகள், இவ்வளவுதான் அதற்குத் துணை.

மேலூர்க்காரரான உங்களுக்குக் கண்மாய் தெரியும். வரத்துக்கால் எப்போதும் போலத் தண்ணீர் கொண்டுவருகிறது. தண்ணீர் வெளியேறும் கலுங்கு மட்டும் பாதி அடைபட்டுவிட்டது. உங்கள் கையின் நிலைமை அதுதான். நீர் மாத்திரை என்பது ஊரிலுள்ள தண்ணீரையெல்லாம் கொஞ்சம் வற்றவைப்பது, கலுங்கைத் திறக்காது. தண்ணீரை இறைத்தாலும் வண்டல் அங்கேயேதான் கிடக்கும். கையில் அந்த வண்டல் புரதம். அது மறுபடியும் நீரை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் உங்களுக்குத் தலை சுற்றியதே தவிரக் கை குறையவில்லை. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ டாக்டர் எழுதிக்கொடுத்து யாராவது அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் அது வேறு கதை, அவர்கள் நிறுத்தக் கூடாது. நீங்கள் கடையில் வாங்கியதை நிறுத்திவிடுங்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதைச் சாப்பிட்ட விவரத்தையும் சொல்லுங்கள்.

தண்ணீரைக் குறைப்பதால் கை வடியாது. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் வேறு தொல்லைதான் வரும். உப்பை அறவே விட வேண்டியதில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு அளவாக இருந்தால் போதும். புரதத்தால் வீங்குகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள். அது சாப்பாட்டுப் புரதத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. உடம்பு எடை கூடினால் மட்டும் வீக்கமும் கூடும் என்பது உறுதி.

காலையில் வடிந்துகொண்டிருந்த வீக்கம் இப்போது வடியவில்லை என்கிறீர்கள். அதுதான் கவனிக்க வேண்டிய மாற்றம். புரதம் தேங்கிய இடம் நாளடைவில் நாரும் கொழுப்புமாக இறுகும். அப்படி இறுகிவிட்டால் அழுத்தினாலும் குழி விழாது, கட்டுப் போட்டாலும் லேசில் குறையாது. உங்கள் கையில் இன்னும் குழி விழுகிறது என்பதால் குறைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இதை முழுசாகக் குணப்படுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கட்டுக்குள் வைத்திருக்க முடியும். ஒழுங்காகச் செய்கிறவர்கள் பல வருஷம் வைத்திருக்கிறார்கள்.

முறையான நிணநீர் மசாஜ் எப்படியிருக்கும்

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் என்பவரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930-களில் பிரான்சில் வேலை பார்த்தபோது உருவாக்கிய முறை இது. தீராத சளியோடு வந்தவர்களின் கழுத்து நெறிகளை மெதுவாகத் தடவிப் பார்த்ததில் தொடங்கியது என்பார்கள். 1936-ல் பாரிஸில் வெளியுலகுக்குக் காட்டினார்கள். பிறகு ஜெர்மனியில் ஃபோல்டி தம்பதியர் இதோடு கட்டுப் போடுவது, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் சேர்த்து முழுச் சிகிச்சையாக்கினார்கள். இன்று உலகெங்கும் லிம்பெடிமாவுக்குச் செய்வது அந்தக் கூட்டுச் சிகிச்சைதான்.

பார்த்தால் ‘இதற்கா காசு’ என்று தோன்றும். அவ்வளவு லேசான கை. எண்ணெய் கிடையாது, எண்ணெய் இருந்தால் விரல் வழுக்கும், தோலை இழுத்து நகர்த்த முடியாது. நிணநீர் நாளங்களின் முதல் வலை தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. ஆகவே தோல் மட்டும் நகர வேண்டும், அடியிலுள்ள தசை விரலுக்குத் தட்டுப்படவே கூடாது. முடித்த பிறகு தோல் சிவந்திருந்தால் செய்தவர் அதிகமாக அழுத்திவிட்டார் என்று அர்த்தம். இன்னொன்று, வீங்கிய கையில் தொடங்கவே மாட்டார்கள். முதலில் கழுத்து, அப்புறம் வலது அக்குள், நெஞ்சின் குறுக்கே. மேலே வழியைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகு தோள், மேற்கை, முன்கை, விரல் என்று படிப்படியாகக் கீழே வருவார்கள். ஆனால் தள்ளுவது எப்போதும் மேல்நோக்கி, உடம்பை நோக்கித்தான். நடுநடுவே வயிறு உப்ப ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள்.

அந்த நிலையம் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடும், கசிவும் கூடும், ஏற்கெனவே நிரம்பிய கையில் இன்னும் நீர் சேரும். அழுத்தி உருவினால் மிச்சமிருக்கும் மெல்லிய நாளங்கள் அடிபடும். இதைவிட எனக்குப் பயம் வேறொன்று. அக்குள் அறுவைக்குப் பிறகு மேற்கையின் உள்பக்கம் பலருக்கு மரத்துப் போயிருக்கும். உங்களுக்கும் ‘தொட்டால் தெரியலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே தைலம் எவ்வளவு சூடு என்பது உங்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், கிருமி நுழைய அது போதும்.

‘நச்சு வெளியேறும்’ என்ற பேச்சையும் தெளிவாக்கிவிடலாம். நிணநீர் உடம்பை விட்டு எங்கும் வெளியே போவதில்லை, ரத்தத்துக்குத்தான் திரும்புகிறது. கழிவை வடிகட்டுவது கல்லீரலும் சிறுநீரகமும். நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர் யாராவது ஒரு மணி நேரம் படுத்துத் தடவிவிடச் சொன்னால் சுகமாக இருக்கும், தூக்கம் வரும், அதில் தப்பில்லை. அதனால் எடை குறையும், ரத்தம் சுத்தமாகும், கேன்சர் வராது என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது.

சரி, முறையாகச் செய்தால் எவ்வளவு பலன்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பு இதை ஆராய்ந்தது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய கை வீக்கத்தில் இந்த மசாஜ் பாதுகாப்பானது. கட்டோடு சேர்த்துச் செய்தால் கூடுதலாகக் கொஞ்சம் குறையலாம், அதுவும் வீக்கம் மிதமாக இருப்பவர்களுக்கு என்றது. ஆக, பெரும்பகுதி வேலையைச் செய்வது கட்டுதான். இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை, கட்டுப் போட்ட கையைப் படம் எடுத்துப் போட்டால் யார் பேக்கேஜ் வாங்குவார்கள்?

கட்டு என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண க்ரேப் பேண்டேஜ் கிடையாது. அது ரப்பர் மாதிரி அதிகம் இழுபடும். இதற்கு அதிகம் இழுபடாத தனிக் கட்டுத் துணி. உள்ளே பஞ்சு, விரல்களுக்குத் தனிச் சுற்று, விரலில் அழுத்தம் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் பல அடுக்காகச் சுற்றுவார்கள். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் இப்படிப் போகும். கை குறைந்து நின்றதும் அளவெடுத்து, கையை அழுத்திப் பிடிக்கும் உறை போடுவார்கள், ஸ்லீவ் என்பார்கள். பகலில் போட்டு இரவில் கழற்றுவது வழக்கம். புறங்கையும் வீங்கியிருந்தால் உள்ளங்கை, புறங்கைக்கும் சேர்த்துப் போட வேண்டும். மணிக்கட்டு வரை மட்டும் போட்டால் நீர் கீழே இறங்கி விரல் வீங்கும். நம்மூர் வெயிலில் இது கஷ்டம்தான், மறுக்கவில்லை. இரண்டு ஸ்லீவ் வைத்துக்கொண்டு தினமும் துவைத்து மாற்றிப் போடுங்கள். நாளாக நாளாக இழுவை போய்விடும் என்பதால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்க வேண்டும். அந்த 18,000 ரூபாயில் ஸ்லீவும் கட்டுத் துணியும் வாங்கி மிச்சமும் இருக்கும்.

உங்கள் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு, பிசியோதெரபி பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கே ஒன்றே ஒன்று கேளுங்கள்: “லிம்பெடிமாவுக்குக் கட்டுப் போடப் பயிற்சி எடுத்தவங்க இருக்காங்களா?” இருந்தால் கட்டு, மசாஜ் இரண்டையும் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஒற்றைக் கையால் மறுகைக்குக் கட்டுவது சிரமம், ஆகவே மதினியைக் கூடவே கூட்டிப்போங்கள். மேலே நான் எழுதியதை மட்டும் படித்துவிட்டு நீங்களாகத் தடவத் தொடங்க வேண்டாம். எவ்வளவு லேசாக என்பதை ஒருமுறை உங்கள் கையில் பிடித்துக் காட்டினால்தான் விளங்கும்.

மதினியின் பயமும் பக்கத்து வீட்டுப் பேச்சும்

மசாஜால் புற்றுநோய் பரவும் என்று மதினி அழுவது உங்கள் மேல் உள்ள பாசத்தால்தான். இந்த லேசான தடவலால் புற்றுநோய் பரவியதாக ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. புற்றுநோய்ச் செல் உடம்பில் இடம்பெயர்வதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. கையின் தோலை நகர்த்துவது அதில் சேராது. ஆனால் நோய் இன்னும் இருக்கிற இடத்தின் மேல் மசாஜ் செய்ய மாட்டோம், அதனால்தான் டாக்டர் முதலில் பார்க்க வேண்டும் என்றேன். அந்த அளவுக்கு மதினி சொன்னதில் நியாயம் இருக்கிறது. இதயம் பலவீனமாக இருப்பவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், ரத்தக்கட்டு இருப்பவர்கள், கையில் தொற்றோடு காய்ச்சலில் இருப்பவர்கள், இவர்களுக்கும் கூடாது.

யானைக்கால் வேறு. க்யூலெக்ஸ் கொசு கடித்து உடம்புக்குள் போகும் ஃபைலேரியா புழுக்கள் நிணநீர் நாளங்களில் குடியிருந்து அவற்றைக் கெடுப்பதால் வருவது. பெரும்பாலும் காலில் வரும். ஒரு காலத்தில் கும்பகோணம் பக்கம் அதிகம் பேசப்பட்ட நோய். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் ஓடும் என்பதால் ராத்திரி வந்து ரத்தம் எடுப்பார்கள். அதுவும்கூட ஒருவரைத் தொட்டால், அவர் பாயில் படுத்தால் ஒட்டாது. கொசு வழியாகத்தான் பரவும். உங்கள் வீக்கத்துக்குக் கிருமியே காரணமில்லை. பக்கத்து வீட்டுப் பேரன் தாராளமாக உங்கள் மடியில் உட்காரலாம்.

தையல் மெஷினை மூட வேண்டாம்

கை வீங்கியவர் கையை அசைக்கவே கூடாது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தோம். 2009-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று அதை மாற்றியது. லிம்பெடிமா இருந்த பெண்களை வாரம் இரண்டு முறை, கண்காணிப்போடு, கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்க வைத்தார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவது குறைந்தது. தசை அசைந்தால்தான் நிணநீர் நகரும் என்பதை மேலே சொன்னேனே. நீங்கள் தூக்காமல் விட்டதால் கை பலமிழந்திருக்கும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குங்கள், ஸ்லீவ் போட்டுக்கொண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றுங்கள். நிறைகுடத்துக்கு ஒரேயடியாகத் தாவ வேண்டாம்.

தையலில் ஆபத்து தைப்பதில் இல்லை, ஊசியில் இருக்கிறது. ஹெம்மிங் பண்ணும்போது துணிக்கு அடியில் இருப்பது இடது கை விரல்தானே? குத்துவது அந்த விரலில்தான். அந்த விரலுக்கு ஒரு தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். குத்திவிட்டால் வாயில் வைத்துச் சப்பாமல் சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தடவி, இரண்டு நாள் அந்த இடம் சிவக்கிறதா என்று பாருங்கள். இஸ்திரிப் பெட்டி, தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், பூனை நகம், கொசுக்கடியைச் சொறிவது, எல்லாவற்றுக்கும் இதே கவனம். தோல் வறண்டு வெடிக்காமல் ராத்திரி லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவலாம், ஸ்லீவ் போடும் நேரத்தில் வேண்டாம். பத்துப் போடுவது, கீறி நீரை எடுப்பது, அட்டை விடுவது மூன்றும் கூடவே கூடாது. ரத்தம் எடுக்க, பிரஷர் பார்க்க முடிந்தவரை வலது கையைக் கொடுங்கள். அவசரத்துக்கு இடது கையில் எடுத்துவிட்டால் பதற வேண்டாம். முன்பு நினைத்த அளவுக்கு அதில் ஆபத்து இல்லை என்றுதான் இப்போது தெரிகிறது.

ஒரே நிலையில் மணிக்கணக்காகக் கையைத் தொங்கவிட்டபடி தைக்காதீர்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரலை மூடித் திறந்து, நாலு முறை ஆழமாக மூச்சு விட்டுவிட்டு உட்காருங்கள். முகூர்த்த மாசத்து ஆர்டரை எப்போதும் வாங்குவதில் பாதி வாங்குங்கள்.

அளவெடுக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மணிக்கட்டில் தொடங்கி நான்கு அங்குலத்துக்கு ஓர் இடமாக மைப்பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு கையையும் வாரம் ஒருநாள் ஒரே நேரத்தில் அளந்து, தையல் அளவு நோட்டிலேயே எழுதுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் இரண்டு சென்டிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லிம்பெடிமா என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உங்களுக்கு ஒன்றரை அங்குலம். அந்த எண் இறங்குகிறதா என்பதுதான் சிகிச்சை வேலை செய்கிறதா என்பதற்குச் சாட்சி. மசாஜ் செய்பவரின் வாய்ப்பேச்சு கிடையாது. கட்டும் ஸ்லீவும் பல மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் நிணநீர் நாளத்தைச் சின்ன ரத்தக்குழாயோடு இணைக்கும் நுண் அறுவையெல்லாம் பெரிய மையங்களில் உண்டு. அந்தப் பேச்சு இப்போது வேண்டியதில்லை.

அந்த 3,000 ரூபாய்

கொடுத்தது போகட்டும் என்று விடாதீர்கள், மீதியையும் கட்டினால் இதுவாவது மிஞ்சும் என்று நினைக்கவும் நினைக்காதீர்கள். ஒரு சிட்டிங்கும் நீங்கள் போகவில்லை. ‘மருத்துவ ஆலோசனைப்படி வரவில்லை, முன்பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் கேளுங்கள், போனில் பேசி முடிக்க வேண்டாம். ‘கேன்சர் திரும்ப வராது’ என்று அவர்கள் அனுப்பிய விளம்பரத்தையும் ஜிபே ரசீதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி காசு வாங்கிக்கொண்டு பில் தராததும் முறையற்ற வணிகம், பொய்யான பலனைச் சொல்லி விளம்பரம் செய்வதும் குற்றம். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு இந்தக் காசு திரும்பி வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.